ஒப்புகை

ஐந்தோவனில் மழை தன் பாட்டுக்குப் பெய்தது.
மேசையில் இரண்டு சில்லுகள்.
இரண்டுக்கும் ஒரே கணக்கு.

முதலாவதற்குள் கடிகாரம்.
நொடிக்கு இரண்டு கோடி அதட்டல்.
வேலை இருப்பவனும் இல்லாதவனும்
சேர்ந்து எழவேண்டும், சேர்ந்து அமரவேண்டும்,
இருப்பதிலேயே மந்தமானவனின் நடைக்கு.

வீட்ஸ்கே ஒரு பழைய வானொலியை
அதன் அருகில் வைத்தாள்.
கர்ரென்று ஒரே சுருதியில் அலறியது.
மற்றதன் பக்கம் நகர்த்தினாள்.
லேசான சலசலப்பு, அதனூடே
நாளையும் மழை என்று செய்தி வாசிக்கும் பெண்.

இதற்குள் மணியடிக்க ஆளில்லை.
ஒரு கம்பி உயரும்: தரட்டுமா?
எதிர்க்கம்பி உயரும்: வாங்கிக்கொண்டேன்.
பிறகு இரண்டும் தாழும்.
இருபக்கமும் ஒத்துச் சொன்னால்தான்
பேச்சை மாற்றும் வாயில்கள்;
ஒருவர் மட்டும் சொன்னால்
பழைய சொல்லிலேயே நிற்கும்.

ராட்பவுட் உறைதூவியை அடித்தான்.
வெண்பனி படிந்த சில்லு, யாரும் சொல்லாமலே, விரைந்தது.
மூன்று வோல்ட். இரண்டு. ஒன்றரை.
கடிகாரச் சில்லு நேரம் தவறவில்லை,
விடைதான் தவறியது.
இது தளர்ந்து தளர்ந்து நடந்தது,
ஆனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு.

வியாழக்கிழமை மேலாளர் கேட்பார்:
எத்தனை மெகாஹெர்ட்ஸ்?
இன்று எவ்வளவு குளிர் என்று
அவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா?

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
நின்றுவிட்டது.
பிழை இல்லை, புகை இல்லை.
அலைக்காட்டியில் ஒரு நேர்கோடு.
செத்துவிட்டதா என்றான் ராட்பவுட்.
காத்திருக்கிறது என்றாள்.
எங்கோ ஒரு 'வாங்கிக்கொண்டேன்' வரவில்லை;
ஒரு லட்சம் டிரான்சிஸ்டர்கள்
மரியாதையாக நின்றன.

கம்பி கம்பியாய் ஊசியால் தொட்டுப் பார்த்தோம்.
நாற்பதாவதோ என்னவோ,
தொட்டதும் புறப்பட்டுவிட்டது,
எங்கள் ஊசியையே பதிலென்று நம்பி.
ராட்பவுட் கைதட்டினான்.
அவள் குறிப்பேட்டில் எழுதினாள்:
ஓடுகிறது. ஏன் நின்றது, தெரியாது.
'தெரியாது'வின் கீழே இரண்டு கோடு.

மூன்று மணிக்கு மிதிவண்டிகளில் கிளம்பினோம்.
நாற்சந்தியில் சிவப்பு.
எந்தத் திசையிலும் ஒரு விளக்கில்லை,
ஒரு நாய்கூட இல்லை.
ராட்பவுட் கடந்து போய்விட்டான்.
கடிகாரமே வேண்டாம் என்று
ஆறு வருடம் வாதாடிய வீட்ஸ்கே
ஒரு காலை ஊன்றி,
மழையில் நனைந்தபடி,
பச்சைக்காக நின்றாள்.
நானும் நின்றேன்.