எட்டாவது ஆள்

கோடை முகாம் என்கிறது பதாகை.
பினாங்கில் ஏது கோடை?
மழை பெய்யும்,
இல்லையென்றால் பெய்யப் பார்க்கும்.

தஞ்சோங் பூங்கா பள்ளி மண்டபம்.
கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை.
ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும்.
இருந்தது ஏழு.
என் ஜோடி இன்பவள்ளி
மச்சான் லாரியில் பாலிக் பூலாவுக்கு
டுரியான் தின்னப் போய்விட்டாள்.

“அவள் இடத்தை அப்படியே விடு,
காற்றோடு ஆடு” என்றார் பியோனா.
“எங்கள் ஊரில் இதற்குப்
பேய் ஜோடி என்று பெயர்.”

மெர்லின் டி குரூஸ் பிடிலைத் தாடையில் இடுக்கினாள்.
நம் வித்வான்கள்போல் சம்மணம் போட்டு அல்ல,
நின்றபடி,
தரையை உதைத்தபடி.

இல்லாத கைக்கு என் வலக்கையை நீட்டினேன்.
இல்லாத தோளைச் சுற்றி வந்தேன்.
கண்ணைப் பார்த்துத்தான் கை கொடுக்க வேண்டும்,
முதல் நாளே சொன்ன விதி.
காற்றில் எந்த உயரத்தில் பார்ப்பது?
மூன்று நாளாய் அவள் செருப்பையே பார்த்து ஆடியவனுக்கு
அவள் உயரம் எப்படித் தெரியும்?

தகரக் கூரையில் மழை இறங்கியது.
பிடில் கேட்கவில்லை.
மெர்லினின் குதிகால் தரையில் விழுவதைப் பார்த்துப் பார்த்து
ஏழு பேரும் குதித்தோம்,
கூ அண்ணன் மட்டும் ஒரு தாளம் பிந்தி.

பாட்டு முடியுமுன்னே
சொட்டச் சொட்ட ஓடிவந்து
காலி இடத்தில் நின்றாள் இன்பவள்ளி.
“கையை மோந்து பாக்காதீங்க” என்றாள்.
பார்த்தேன்.

பிறகு நிமிர்ந்தேன்.
என் புருவத்துக்கு
ஒரு விரற்கடை மேலே இருந்தன
அவள் கண்கள்.