தோள் கிணறு

பிடரி எலும்பில் ஒரு விரல் வைத்தார்,
தோள் முனையில் மற்றதை.
பாதி வழியில் பெருவிரலை ஊன்ற
கண்ணில் நீர் முட்டிவிட்டது எனக்கு.
"இதுதான். சீனத்தில இதுக்குப் பேர் தோள் கிணறு."

கல்லடியில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பாமசிக்கு மேல்மாடி. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி.
சுவரில் ஒரு மொட்டை மனிதன்
உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு
யாரையும் பாராமல் நிற்கிறான்.

எட்டு வருஷமாய் கொலர் தைக்கிறேன்,
மணிக்கு அறுபது கொலர்.
வலது தோளில் யாரோ ஏறி உட்கார்ந்து
இறங்க மறந்தது போல ஒரு பாரம்.

"ஆழம் போகேலாது, கீழ சுவாசப்பை" என்றார்
டொக்டர் பற்குணம், ஊசியின் உறையைக் கிழித்தபடி.
எங்கள் வளவுக் கிணறும் ஆழமில்லை.
கடல் வந்த வருஷம் அது உவர்த்தபோது
அப்பா மோட்டர் பூட்டி இரவு பகலாய் இறைத்தார்.
இறைக்க இறைக்க உப்பு ஏறியது.
வெறுத்துப்போய் விட்டுவிட்டோம்.
மூன்று மாரி கழிந்துதான்
ஒரு வாய் குடிக்க முடிந்தது.

"புள்ள, கடைசியாக் குளிச்சது எப்ப?"

விளங்காதவள் போல "காலம" என்றேன்.
ஈரத் தலையைத் தொட்டும் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஊசி விரலிடையில் நின்றது.

"ஐம்பத்தொரு நாள்."

என் வாயிலிருந்துதான் வந்தது அது.
குகநேசனுக்கும் சொல்லவில்லை இன்னும்,
டிப்பர் ஓடி வந்து சேற்றுக் காலோடு
தூங்கிப்போகிற மனிசனுக்கு.
இரண்டு தரம் சொன்னேன்.
இரண்டு தரமும், சொன்ன கிழமையே
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

ஊசியை உறைக்குள் வைக்கப் போனார்,
மறுகா என்ன நினைத்தாரோ,
மஞ்சள் வாளியில் எறிந்தார்.
"இந்தக் கிணத்தைத் தொட்டா கீழ இறக்கிப்போடும் எண்டு
பழைய ஆக்கள் எழுதி வச்சிருக்காங்க.
மெய்யோ பொய்யோ, நான் தொடமாட்டன்."
காசும் வாங்கவில்லை.
சுடுதண்ணிப் போத்தல் வை, அதையும் வயித்தில வைக்காத,
வாட்டுக்குப் போய் பேரைப் பதி என்றார்.

பாலத்தில் ஏறும்போது வலி அப்படியே இருந்தது.
கைப்பையை இடப்பக்கம் மாற்றினேன்.
வாவியில் ஒரு தோணி, வலை போடாமல் சும்மா நின்றது.
போனை எடுத்து அவர் பேர் வரைக்கும் போய்
திரும்பப் பைக்குள் போட்டேன்.

வலது தோளில் இருப்பதிடம் மட்டும்,
ஒருத்தருக்கும் கேளாமல்,
இரு, என்றேன்.
இறங்காத.