மஞ்சள் அட்டை

மிக்சி வாங்கிய கடைக் குலுக்கலில்
விழுந்தது கப்பல் பயணம்.
மூன்றாம் நாள் காலை
தூத்துக்குடித் துறைமுகத்தில்
பத்து மாடியோடு நின்றது எங்கள் ஊர்.
கப்பலைத்தான் சொல்கிறேன்,
அதற்குள் அப்படிச் சொல்லப் பழகிவிட்டது வாய்.

அவர் வரவில்லை.
ஒரு பக்கெட்டும்
பாதி எலுமிச்சம்பழமும் துணைக்கு இருந்தன.
கண்ணைத் திறக்காமல்
"நீ போயிட்டு வா" என்றார்.
இருபத்தாறு வருஷத்தில்
இந்த மூன்று வார்த்தையைச் சேர்த்துச் சொன்னதில்லை என்பது
உடன்குடி தாண்டியபோதுதான்
எனக்கு உறைத்தது.

வேனில் பதினோரு பேர்.
கழுத்துக் கழுத்துக்கு மஞ்சள் அட்டை.
ஐந்து மணிக்கு வராதவர்களுக்காகக்
கப்பல் நிற்காது என்று
மூன்று மொழியில் மிரட்டினான்
வழிகாட்டிப் பையன் ரெக்ஸன்.

மணப்பாடு.
மேட்டின் மேல் கோயில்.
எல்லாரும் ஏறினார்கள்.
எனக்குத் தரை ஆடியது.
கடலில் ஆடாத கால்
கல் பாவிய தெருவில் ஆடுகிறது.
வீட்டுச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.
பெரிய பெரிய வீடுகள்,
பெரிய பெரிய பூட்டுகள்.
ஒரு பூட்டின் துவாரத்தில்
எறும்புகள் போவதும் வருவதுமாக இருந்தன.
அவற்றுக்குச் சாவி எதற்கு?

சுவர் முடிந்த இடத்தில் மணல்,
மணலில் கூட்டம்.
சாக்கின் மேல் ஏழு சீலா மீன்,
பாத்திரக்கடைப் புது எவர்சில்வர் போல.
காதில் பேனா செருகிய ஒருவர்
மூச்சு விடாமல்
"எண்ணூறு எண்ணூறு எண்ணூத்தம்பது
எண்ணூத்தம்பது..."
வெயில் கண்ணைக் குத்தியது.
கையைத் தூக்கி நெற்றியில் வைத்தேன்.
அவ்வளவுதான்.

"தொள்ளாயிரம்! மஞ்ச அட்டைக்கி!"

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"பை இருக்கா?" என்று வந்தது.

பக்கத்தில் பெட்டி போட்டிருந்த பிரகாசியம்மாள்
"அறுத்துத் தரட்டா, முழுசாவா?" என்றாள்.
பச்சை மீனைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்றேன்.
வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள்.
"கடல்லருந்து வந்தத
கடலுக்குக் கொண்டுபோவ விடமாட்டானா?
என்ன கப்பலும்மா அது!"

பிறகு கொஞ்சம் நகர்ந்து
தன் தார்ப்பாய் நிழலில் எனக்கும் இடம் விட்டாள்.

முதலில் குரல் வரவில்லை.
வந்தபோது
ரேஷன் கடையில் முறை தவறிப் புகுந்தவனை
அதட்டுகிற குரலாக வந்தது.
ஸ்கூட்டர் டீச்சர் இரண்டு எடுத்தாள், முந்நூற்றைம்பது.
விடுதிச் சமையல்காரர்
செவுளைத் தூக்கிப் பார்த்தார்,
என்னைத் தூக்கிப் பார்க்காத குறை,
மூன்றுக்கு ஐந்நூறுக்கு மேல் பைசா தரவில்லை.
ஆறாவது மீன் நூற்றுத்தொண்ணூறுக்குப் போனது.
யாரிடம் என்று நினைவில்லை,
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழாவதைப்
பிரகாசியம்மாளின் பெட்டியில் வைத்தேன்,
நிழல் வாடகை.
வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

ரெக்ஸன் தேடி வந்தபோது மணி மூன்று.
குகை பார்த்தாயிற்று,
கோயில் பார்த்தாயிற்று,
படம் பிடித்தாயிற்று எல்லாருக்கும்.
"ஆன்ட்டி, நீங்க ஒண்ணுமே பாக்கலியே" என்று
நிஜமாகவே வருத்தப்பட்டான்.
எழுந்து நின்றேன்.
எப்போது என்று தெரியவில்லை,
தரை ஆட்டத்தை நிறுத்தியிருந்தது.

கப்பல் வாசலில் பையைச் சோதித்த பெண்
மூக்கைச் சுருக்கினாள்.
"ஏதாவது வாங்கினீங்களா?"
"வித்தேன்."

அறையில் அவர்
ஒரு கண்ணை மட்டும் திறந்து
"என்ன நாத்தம்" என்றார்.
நூற்று நாற்பது ரூபாயை
எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் வைத்தேன்.
"என்னது இது?"
கணக்குச் சொல்லவில்லை.

இராத்திரி விருந்தில்
தட்டின் மேல் வெள்ளைத் துணி, முள்ளில்லாத மீன்.
பரிமாறும் பையனுக்காகக் கையைத் தூக்கப்போய்
பாதியில் நின்றேன்.
வளையலில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.