எந்தச் சராசரி?

ட்ரியெஸ்தே, மார்ச் ஒன்பது, போரா காற்று வீசிய நாள்.
சராசரி வேகம் மணிக்கு முப்பத்தெட்டு.
ஐம்பதுக்குக் கீழே என்றால் இழப்பீடு கிடையாது,
பதினான்காம் விதி.
மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திடுவது என் வேலை.
மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை.

மீன்கடை விசின்டின் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றான்.
கூட நெரினா பெர்தோத்.
வெள்ளிதோறும் அவனிடம் மத்தி வாங்குகிறவளாம்,
இயற்பியல் கூடத்தில் வேலை.
"முப்பத்தெட்டு பொய்யில்லை.
ஆனால் எந்தச் சராசரி?"

கடிதத்தின் முதுகிலேயே எழுதத் தொடங்கினாள்.
கூட்டி வகுப்பது ஒரு வழி.
பெருக்கி மூலம் எடுப்பது இன்னொன்று:
ஒரே ஒரு கணம் காற்று நின்றிருந்தால் போதும்,
நாள் முழுவதும் பூஜ்யம்.
எங்கள் இயக்குநருக்கு இது பிடிக்கும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

காற்று சுமந்து வரும் திறன் வேகத்தின் மும்மடி.
மும்மடியாக்கி, கூட்டி, வகுத்து, கனமூலம் எடுத்தாள்:
ஐம்பத்தாறு.
படியை இன்னும் ஏற்று, இன்னும்,
இருபத்து நான்கு மணி நேரமும் கரைந்துபோய்
கடைசியில் எஞ்சுவது
அதிகாலை நான்கு பன்னிரண்டு,
பதினொரு வினாடி,
நூற்று முப்பத்தொன்று.
விசின்டினின் ஷட்டர் கடலுக்குப் போன
பதினொரு வினாடி.

நான் கேட்காததையும் சொன்னாள்.
என்ட்ரோபியும் ஒரு சராசரிதான், வியப்பின் சராசரி.
அங்கே திருகு எதிர்ப்பக்கம் சுற்றும்.
ஏற்ற ஏற்ற வழக்கமானது மட்டுமே பேசும்.
பூஜ்யத்துக்கு இறக்கினால்
தினம் வருவதற்கும்
என்றோ ஒருமுறை வந்துபோனதற்கும்
ஆளுக்கு ஒரு ஓட்டு.

என் காபி ஆறிக்கொண்டிருந்தது.
"இந்தச் சூடும் சராசரிதானா?"
"ஆமாம். உள்ளே இருக்கும் எந்த மூலக்கூறுக்கும்
அது தெரியாது."
விசின்டின் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவர்கள் போனபின் விதியை எடுத்துப் படித்தேன்.
பத்தொன்பது வருடங்களில் முதல்முறை, எழுத்துக்கூட்டி.
'சராசரி' என்றிருந்தது.
எது என்று இல்லை.
கடிதத்தை மற்றக் கோப்புகளுக்கு அடியில் தள்ளினேன்.
திங்கட்கிழமை இயக்குநர் கேட்பார்.
அவருக்குக் கனமூலம் தெரியுமா என்று
எனக்குத் தெரியாது.

மாலையில் இலைகூட அசையவில்லை.
இறக்கத்துத் தெருவில்
பிடித்து நடக்கக் கட்டிய கயிறு மட்டும்
தொய்வில்லாமல் இருந்தது.
எவனோ சராசரி பார்க்காமல் கட்டியது.
வேண்டியிருக்கவில்லை,
இருந்தும் முனைவரை
பிடித்துக்கொண்டே நடந்தேன்.