இடது கையுறை

எழுதியவள் செத்து எழுபது வருஷம் நிறைந்ததும்
ஜனவரி முதல் தேதி
நீர்நாய் பொதுச்சொத்தானது.
மூன்றாம் தேதி கேரத் கூப்பிட்டான்:
"எத்தனை லிட்டர் ரத்தம் கலக்க முடியும் உன்னால்?"

நான் ஸ்பால்டிங்கில்
கேக்குகளுக்கு ரோஜாப்பூ பிழிகிறவள்.
சோளப்பாகு, சிவப்புச் சாயம்,
பளபளப்பு அடங்க ஒரு சிட்டிகை கோகோ.
முப்பது லிட்டர் என்றேன்.
நக்கினால் தித்திக்கும் என்றும் சொல்லிவைத்தேன்.

இந்தச் சதுப்புச் சீமையில் பிறந்த எவருக்கும்
அந்தக் கதை தெரியும்.
பனிக்காலத்தில் பிள்ளைகள் தொலைக்கும் கையுறைகளை
வாய்க்கால் நெடுகப் பொறுக்கி,
அலசி, காயவைத்து,
விடிவதற்குள் அவரவர் வாசற்படியில்
வைத்துவிட்டுப் போகும் நீர்நாய்.
அவ்வளவுதான். வில்லன்கூடக் கிடையாது.
கேரத் மாற்றியது ஒன்றே ஒன்று:
கையுறை திரும்பி வரும்,
உள்ளே கையோடு.

என் அக்கா மாட் இரண்டு வாரம் பேசவில்லை.
அவள் மகன் தூங்குவதே
நீர்நாய் அச்சிட்ட போர்வைக்குள்தான்.
அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு.
சின்ன வயதில் அந்தப் புத்தகத்தை
அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பேன்.
எந்த வீட்டில் எந்தக் கை என்று
அதற்கு எப்படித் தெரியும்?

பதினொரு ராத்திரி, ஒரே கேமரா,
கேரத்தின் சித்தப்பாவுடைய முட்டைக்கோஸ் வயல்.
புகை இயந்திரத்துக்குக் காசில்லை;
மூடுபனி ஓசியில் வந்தது.
தள்ளுபடியில் வாங்கிய கரடி முகமூடிக்கு
காதை நறுக்கி, துடைப்பத்தில் மீசை வைத்தேன்.
அரை வெளிச்சத்தில் நீர்நாய்.
முழு வெளிச்சத்தில்
தூக்கம் கெட்ட வரி அதிகாரி.
உள்ளே ஓவன் ட்ரஸ்லர்,
பள்ளிக்கூடங்களில் பாய்லர் பழுதுபார்ப்பவன்,
ஆறடி மூன்றங்குலம்,
ஆகவே நடிகன்.

ஒன்பதாம் இரவு, நாலாவது டேக்.
கோடரியோடு வாய்க்கால் மேட்டில் ஏறுகிறான் ஓவன்.
எதிரே இரவு உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாக
பக்கத்துப் பண்ணை ஹெட்டி.
ஐந்து வயது. வந்ததை யாரும் பார்க்கவில்லை.
முழங்கைவரை என் பாகு சொட்ட நின்றவனை
அண்ணாந்து பார்த்து
வெறும் இடது கையை நீட்டினாள்:
"பச்சை. கட்டைவிரலில் ஓட்டை இருக்கும்."

யாரும் கட் சொல்லவில்லை.
ஓவன் கோடரியைக் கீழே வைத்தான்.
ரப்பர் கோடரிதான்,
ஆனாலும் மெதுவாக வைத்தான்.
முகமூடிக்குள்ளிருந்து ஒரு கண்தான் தெரியும் அவனுக்கு.
மண்டியிட்டு நாணலை விலக்கி
சேற்றில் தோள்வரை கைவிட்டுத் துழாவினான்,
இங்கே, பிறகு அங்கே, பிறகு மறுபடி இங்கே.
ஜெனரேட்டர் டீசல் குடித்துக்கொண்டே இருந்தது.
கேரத் வாட்சைப் பார்த்தான்,
அப்புறம் பார்க்கவில்லை.

கிடைத்தது ஒரு சைக்கிள் பெடல்.
அதற்குள் டார்ச்சோடு ஓடிவந்த அவள் அம்மா
வைத்தாள் பாருங்கள் ஓர் அலறல்,
எங்கள் கதாநாயகிக்குக் கடைசிவரை வாய்க்காதது.
இடுப்பில் தூக்கிப் போகையில்
ஹெட்டி தோளுக்கு மேலாகச் சொன்னாள்:
"நாளைக்கும் தேடு."

படம் வெளியானது.
நாட்டிங்ஹாமில் ஒரு மதுக்கடையின் அடித்தளம்,
நாற்பது நாற்காலி.
முதல் கைக்குச் சிரித்தார்கள்.
மூன்றாவது கைக்கு விசிலடித்தார்கள்.
பிறகு அந்த இடம் வந்தது.
குழந்தையை வெட்டி எடுத்துவிட்டு,
அடியில் செல்லோவின் ஒற்றைச் சுரம் ஓடவிட்டு,
மண்டியிட்டு, தோள்வரை சேற்றில்,
இங்கே, அங்கே, மறுபடி இங்கே.

ஒருவரும் சிரிக்கவில்லை.
முன்வரிசையில் ஒருத்தி
கால்களை நாற்காலிமேல் இழுத்துக்கொண்டாள்.
"எதைத் தேடுகிறது அது?"
இருட்டில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

என் பக்கத்தில் ஓவன்,
பாப்கார்னுக்குள் கை அப்படியே நிற்க,
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:
"பச்சை.
கட்டைவிரலில் ஓட்டை."