மேற்படி நாய்

விளாங்குடிப் பாலத்தடியில்
நைலான் கயிறு கழுத்துத் தோலுக்குள் புதைந்து கிடந்ததை
ரோந்து போன ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண் இரண்டும் பச்சையாய் எரிந்தன.
சத்தமே இல்லை.
குரைக்காத நாயை அதுவரை நான் கண்டதில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி மொக்கச்சாமி
கயிற்றை அறுத்தெடுத்தபின் முதுகு மயிரை விலக்கிக் காட்டினான்.
சதுரம் சதுரமாய்த் தழும்பு.
"பக்கிள் அடி, மேடம்."
என் இடுப்பில் பக்கிள் பளபளத்தது.
அன்று காலைதான் பிராஸோ போட்டுத் துடைத்திருந்தேன்.

பருத்திப்பால் நிறம். பருத்தி என்றே வைத்தேன்.
வைத்ததோடு சரி, கூப்பிட்டால் வராது.
குவார்ட்டர்ஸ் வீட்டில்
பழைய ஏர்கூலருக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு முழச் சந்தில் ஒன்பது நாள் குடியிருந்தது.
நான் உள்ளே வந்தால் மூத்திரம் போய்விடும்.
பூட்ஸ் சத்தத்துக்கு ஒரு முறை,
பெல்ட் கழற்றும் சத்தத்துக்கு இன்னொரு முறை.
துடைத்துக்கொண்டே யோசித்தேன்:
இதே சத்தத்துக்கு ஸ்டேஷனில்
உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.
பதினாலு வருஷமாய் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்
பூட்ஸ் வாசலோடு நின்றது.
பெல்ட், லத்தி, தொப்பியெல்லாம்
கீழ்வீட்டு ரெஜினா அக்கா பீரோ மேல்.
"என்னடி, போலீசக் கழட்டி எங்க வீட்ல வச்சிட்டுப் போற?"
வெறுங்காலோடு படியேறுவேன்.

"கண்ணப் பாக்காதீங்க மேடம்,
பக்கத்துல உக்காந்து வேற சோலி பாருங்க"
என்றிருந்தான் மொக்கச்சாமி.
கண்ணைப் பார்த்தே விசாரித்துப் பழகியவளுக்கு
கஷ்டமான டிரெயினிங்.
முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன்.
கோழி ஈரலைப் பின்பக்கமாய் உருட்டிவிட்டேன்.
முதல் நாள் எறும்பு தின்றது.
இரண்டாம் நாளும் எறும்புதான்.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி
முழங்கைக்குக் கீழே ஈரமாய் ஒரு மூச்சு.
நான் திரும்பவில்லை.
கண் கரித்தது.
வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவசரப்பட்டுக் கெடுத்த நாளும் உண்டு.
தலையைத் தடவலாமென்று கையைத் தூக்கினேன்,
தரையோடு தரையாய் ஒட்டிப்போனது.
மறுபடி சந்து. மறுபடி எறும்பு.
கையைக் கீழிருந்துதான் கொண்டுபோக வேண்டும்,
மல்லாத்தி, பிச்சை கேட்பதுபோல.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி
எனக்குக் கோரிப்பாளையத்தில் பந்தோபஸ்து.
ஒவ்வொரு வேட்டுக்கும்
என் வயிறு அதன் வயிறாய்ச் சுருண்டது.
யாரோ நீர்மோர் கொடுத்தார்கள், யாரோ விசிறி.
லட்சம் தலைக்கு நடுவே
எனக்கு அந்தச் சந்துதான் தெரிந்தது.

முப்பது மணி நேரம் கழித்து வந்தால்
ரெஜினா அக்கா வீடு பூட்டு.
சோறு வைத்துவிட்டு அவளும் ஆற்றுக்குப் போயிருந்தாள்.
வேறு வழியில்லாமல் பெல்ட்டோடு ஏறினேன்.
சத்தம் வராமல் பக்கிளை உள்ளங்கையில் பொத்திக் கழற்றி
தரையில் வைத்து, அங்கேயே சாய்ந்தேன்.

விழித்தபோது உச்சி வெயில்.
சந்தில் பருத்தி இல்லை.
அறை நடுவே கால் நீட்டிப் படுத்து
பெல்ட்டை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்து
கடைவாயில் மென்றுகொண்டிருந்தது.
தோல் பாதி காலி. பக்கிளில் பல் தடம்.
"ஏய்!" என்றேன், நிஜமான கோபத்தோடு.
காது மடங்கியது. நிமிர்ந்து பார்த்தது.
தரை நனையவில்லை.
பிறகு நிதானமாய்
விட்ட இடத்திலிருந்து மெல்ல ஆரம்பித்தது.

மறுநாள் பரேடில்
இன்ஸ்பெக்டர் என் இடுப்புக்கு நேரே நின்றார்.
"என்னம்மா இது?"
"நாய் கடிச்சிருச்சு சார்."
சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து மெமோ.

விளக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
'மேற்படி நாய்' வரை வந்தாயிற்று.
மேற்கொண்டு எழுதவிடாமல்
தாளின்மேல் தாடையை வைத்துத் தூங்குகிறது
மேற்படி நாய்.