மூலப்பத்திரம்

தென்னந்தோப்பு
ஒரே தட்டில் தென்னந்தப்பு ஆயிற்று.
தோவுக்குப் பின்னால் நின்ற கர்சர்
கொம்பையும் காலையும் மட்டும் பிடுங்கிக்கொண்டு
வெறும் தவை நட்டுவிட்டுப் போயிருந்தது.
நான் பார்க்கவில்லை. சாட்சிகள் இருவரும் பார்க்கவில்லை.
ராதாபுரம் சார்பதிவாளர் பார்த்தார்.
மூவாயிரம் ரூபாய் முத்திரைத்தாள்.
"தப்பக் கிரயம் வாங்க எவம்மா வருவான்?"
என்றார் வியாகப்பன் சார்,
சம்பள நோட்டைத் திறந்தபடி.

அன்றிரவு வடக்கன்குளத்தில்
கதவைச் சாத்திக்கொண்டு
அந்த எடிட்டரின் மூலநிரலை இறக்கினேன்.
வில்லங்கம் இல்லாத சொத்து அது.
கேட்டவர்க்கெல்லாம் மூலப்பத்திரம் தரும்.
உள்ளே போய் ஓர் எல்லைக்கல்லைப்
பிடுங்கி மாற்றி ஊன்றலாம்,
பங்காளி யாரும் வழக்குக்கு வரமாட்டான்.

ஒன்றரை லட்சம் வரி.
அழிக்கும் பொத்தானுக்கான இடம்
இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பின் கிடைத்தது.
'ஒரு குறி பின்னால் போ' என்றிருந்ததை
'ஓர் எழுத்து பின்னால் போ' என்று ஆக்கினேன்.
மாற்றியது நாலே சொல்.

கம்பைல் செய்யுமுன் அது வீட்டைச் சுற்றிப் பார்த்தது.
கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது.
கணக்கு நூலகம்? இருக்கிறது.
திரைக்கு உண்டான நூலகம்?
இல்லை.
பெண் பார்க்க வந்து
காபியைத் தொடாமல் எழுந்தவர்கள் போல
அந்த வரியோடு நின்றுவிட்டது.
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டு
ஒற்றைக் கோடு சிக்னலில்
அதையும் கொண்டுவந்து சேர்த்தேன்.

பிறகு மேக்.
வரிகள் மேலே ஓடின. கேபினுக்குள் காற்றாடி இரைந்தது.
எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை.
எச்சரிக்கைக்கெல்லாம் அது நிற்பதில்லை,
பிழைக்கு மட்டும்தான் நிற்கும்.
வியாகப்பன் சார் அப்படியே தலைகீழ்.

ஆனிக் காற்று.
பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
வரிசையாக விழித்திருந்தன.
எங்கெங்கோ ஊருக்குக் கரண்டு அனுப்பும் காற்று
எங்கள் தெருக் கம்பிகள் இரண்டை உரசி
எங்களை மட்டும் அணைத்தது.
யுபிஎஸ் நாலு நிமிடம் கீச்சிட்டுச் செத்தது.

மீண்டும் எழுந்த கணினிக்கு
தேதி 2009 ஜனவரி ஒன்று.
உள்ளே பேட்டரி தீர்ந்து எத்தனை மாதமோ.
அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது.
பூசைக்குப் போட்ட புது ஷூ கடித்தது ஞாபகம்.
மேக் சொன்னது:
இந்தக் கோப்புகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை.
பத்திரத்தில் அப்படித் தேதி போட்டால் ஜெயில்.
இது ஜெயிலுக்கு அனுப்பவில்லை,
முடித்ததையே திரும்ப முடித்துக்கொண்டிருந்தது,
ஒரு கோப்புகூட அதற்குப் போதிய அளவு புதிதாக இல்லை.
தேதியைக் கையால் திருத்தினேன்.
கரண்டு போனது.
திருத்தினேன்.
போனது.

ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?
ரீத்தா அக்காவின் கேக் தராசைக் கவிழ்த்தேன்.
அதே அளவு, அதே வட்டம்.
பேட்டரி மாறியதும் கணினிக்கு
நான் சொன்ன வருடம் மறக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு ஓட்டம் நின்றது.
முடிந்தது என்று ஒரு சொல் இல்லை.
கர்சர் மட்டும் புது வரியில் மின்னியது.
தோ அடித்தேன். அழித்தேன்.
கொம்பு, த, கால்
மூன்றும் ஒன்றாகப் போயின.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
யாராவது பார்த்திருந்தால்
ஒரே எழுத்தைக் கொல்லும் பைத்தியம் என்றிருப்பார்கள்.

காலையில் அக்கா தராசைத் தட்டிப் பார்த்து
மைதாவைக் கண்ணளவில் கொட்டினாள்.
நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில்
கோவில் என்பதைக் கெவில் என்று அடித்துவிட்டேன்.
முன்பென்றால் கொம்பை மட்டும் தட்டி மாற்றியிருக்கலாம்,
க அங்கேயே காத்திருக்கும்.
இப்போது கவையும் சேர்த்து அடிக்கிறேன்.
சொந்தச் சொத்து.
யாரையும் திட்டவும் முடியவில்லை.